கொல்லிமலைக்கு ஒரு பதினெட்டு இன்ச்

புது லேப்டாப் பெட்டியைப் பிரித்ததும் சார்ஜரைத் தேடுவோம், மூடியைத் தடவிப் பார்ப்போம், ஸ்டிக்கரை உரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்போம். அடியில் மடித்துக் கிடக்கும் பாதுகாப்புக் கையேட்டை மட்டும் யாரும் பிரிப்பதில்லை. அதில் பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் லேப்டாப் இயங்கத் தகுந்த வெப்பநிலை அதிகபட்சம் 35 டிகிரி செல்சியஸ் என்றும், உயரம் அதிகபட்சம் 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி என்றும் அச்சடிக்கின்றன. இதை நாமக்கல் மாவட்டத்தில் உட்கார்ந்து படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். சித்திரை வெயிலில் நாமக்கல் 38 டிகிரியைத் தொடும் மதியத்தில், அந்த ஊரில் ஏசி இல்லாத எந்த வீட்டிலும் லேப்டாப் விதிப்படி ஓடக் கூடாது. ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கும் கொல்லிமலையில் அதே லேப்டாப் தாராளமாக ஓடலாம்.

பெரிய திரை கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு இந்த வெப்பக் கணக்குதான். திரை எத்தனை இன்ச், கிராபிக்ஸ் கார்டு என்ன பெயர், கீபோர்டில் எத்தனை வண்ணம் எரிகிறது என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டியவை. கடைகளில் வரிசை தலைகீழாக இருக்கிறது.

கேமிங் லேப்டாப் முழு வேகத்தில் ஓடும்போது சுவர் பிளக்கிலிருந்து 250, 300 வாட் மின்சாரம் இழுக்கும். 280 என்று வைத்துக்கொள்வோம். அந்த 280 வாட்டும் எங்கே போகிறது? திரையின் வெளிச்சமாகவும் ஸ்பீக்கரின் சத்தமாகவும் போவது சொற்பம். அதுவும் அறைச் சுவரில் மோதி வெப்பமாகிவிடும். சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் துளி மின்னூட்டம் ஏறி இறங்குகிறது, அந்த ஆற்றல் வெப்பமாகிறது. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற லேப்டாப் கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் சிப்பில் மட்டும் 1,890 கோடி டிரான்சிஸ்டர்கள். ஆகக் கடைசியில் 280 வாட் உள்ளே போனால் 280 வாட் வெப்பமாக வெளியே வந்தே ஆக வேண்டும். தினம் நான்கு மணி நேரம் ஆடினால் 1.12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தம்பி ஒருவனே சண்டை போட்டுத் தீர்த்துவிடுவான். மார்கழி இரவில் அந்த வெப்பம் அறைக்கு இதமாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

வெப்பத்தை வெளியே தள்ள முடியாத லேப்டாப் என்ன செய்யும்? வெடிக்காது, உடனே அணையாது. சிப் 95, 100 டிகிரியை நெருங்கியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கேதான் இருக்கிறது, ஆனால் கைக்கு வராது.

இதனால்தான் கார்டின் பெயர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. என்விடியா 2023-இல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டுக்கு அந்த நிறுவனமே கொடுத்திருக்கும் மின்திறன் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. பெயர் ஒன்று, வரம்பு மூன்று மடங்கு. 4070-க்கும் அதே 35 முதல் 115. எவ்வளவு வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பவர், தன் பெட்டியின் தடிமனையும் ஃபேனையும் பார்த்து முடிவு செய்கிறார். மெல்லிய பெட்டிக்குள் 40 வாட்டில் மூச்சு முட்டிக் கிடக்கும் 4070-ஐ, தடித்த பெட்டியில் 115 வாட்டில் ஓடும் 4060 முந்திவிட்டுப் போகும். விலைப்பட்டியலில் 4070-தான் மேலே இருக்கும்.

லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர்போன நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒரே கம்பெனியின் ஒரே சேசிஸ்தான் பட்டறைக்கு வருகிறது. எந்தப் பாடி ஏறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது எந்த லோடுக்கு ஆகும் என்று தெரியும். சேசிஸ் பெயரை மட்டும் கேட்டுவிட்டு லாரி வாங்குகிறவர் அங்கே யாருமில்லை.

மேசைக் கணினியின் கார்டையும் லேப்டாப் கார்டையும் ஒரே எண்ணில் அழைப்பது இன்னொரு குழப்பம். ஆர்டிஎக்ஸ் 5090 மேசைக் கணினிக்கு வந்தால் 575 வாட், 32 ஜிபி நினைவகம். அதே 5090 லேப்டாப்புக்குள் வந்தால் 95 முதல் 150 வாட், 24 ஜிபி. அது ஏமாற்று இல்லை. 575 வாட்டை மடியில் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் யூடியூபில் மேசைக் கணினியின் 5090-ஐப் பார்த்து மயங்கிவிட்டு லேப்டாப் 5090-க்குப் பணம் கட்டுவது ஏமாறுவதுதான்.

அப்படியானால் வாட் ஏற ஏற நல்லதா? அங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. சிப்பின் மின்செலவு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கியதற்கு ஏற்ப ஏறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால், தோராயமாகச் சொன்னால், மின்செலவு வேகத்தின் கனத்துக்கு ஏற்ப எகிறுகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 100 வாட்டிலிருந்து 150 வாட்டுக்கு ஏற்றினால், 50 சதவீதம் கூடுதல் மின்சாரத்துக்குக் கிடைப்பது 14 சதவீதம் கூடுதல் வேகம். கடைசி 50 வாட்தான் பெட்டியைத் தடிக்க வைக்கிறது, ஃபேனை அலற வைக்கிறது, விலையை ஏற்றுகிறது. என் கணக்கில் நடுத்தர கார்டுக்கு முழு வாட் கொடுக்கும் தடித்த லேப்டாப்தான் நம் ஊருக்கு நியாயமான தேர்வு. உச்சாணிக் கார்டுக்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தில் பாதி, மேலே சொன்ன 14 சதவீதத்துக்குத்தான் போகிறது.

இப்போது மலைக்கு வருவோம். வெப்பம் சிப்பிலிருந்து வெளிக்காற்றுக்கு இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் கட்டம் ஹீட் பைப். சப்பையாக நசுக்கிய செம்புக் குழாய். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில துளி நீர் விட்டு இருபுறமும் மூடியிருப்பார்கள். சிப் பக்கத்தில் நீர் ஆவியாகும், ஃபேன் பக்கத்தில் குளிர்ந்து மறுபடி நீராகும், குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் பூச்சு வழியாகத் திரும்பவும் சிப்புக்கு ஊறிவரும். மோட்டார் இல்லை, தேய்மானம் இல்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்கலங்களை மனதில் வைத்து உருவாக்கிய சாதனம் இன்று கேமிங் லேப்டாப்பின் அடிவயிற்றில் இருக்கிறது. மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் திறந்த பாத்திரத்தில் நீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொல்லிமலையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைப்பவருக்கு இது தெரியும். ஹீட் பைப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அது மூடிய குழாய். உள்ளே வெற்றிடத்துக்கு நெருங்கிய அழுத்தம் என்பதால் நீர் 40 டிகிரிக்கே ஆவியாகத் தொடங்கிவிடும். வெளியே எந்த ஊர் என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது கட்டமான ஃபேனுக்குத் தெரியும். ஃபேன் ஒரு சுற்றுக்கு இவ்வளவு கன அளவு காற்று என்று அள்ளித் தள்ளுகிறது. அந்தக் காற்றின் எடைதான் வெப்பத்தைச் சுமக்கிறது. கடல் மட்டத்தில் 1,013 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் 1,200 மீட்டரில் 877 வாக்கில் இறங்கிவிடும். அழுத்தம் குறைந்தால் காற்று மெலியும். ஆனால் குளிர்ந்தால் காற்று அடர்த்தியாகும். இரண்டையும் சேர்த்துப் போட்டால், 200 மீட்டர் உயரத்தில் 37 டிகிரியில் இருக்கும் நாமக்கல் காற்று ஒரு கன மீட்டருக்கு 1.11 கிலோ, 25 டிகிரியில் இருக்கும் கொல்லிமலைக் காற்று 1.02 கிலோ. ஃபேனுக்கு நட்டம் 8 சதவீதம். இனி லாபத்தைப் பாருங்கள். சிப் 95 டிகிரி வரை போகலாம் என்றால், நாமக்கல்லில் சிப்புக்கும் காற்றுக்கும் இடையே 58 டிகிரி இடைவெளி, கொல்லிமலையில் 70. வெப்பத்தைத் தள்ளுவது இந்த இடைவெளிதான். லாபம் 20 சதவீதம். நட்டத்தைக் கழித்தாலும் அதே லேப்டாப், அதே ஃபேன், மலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் வெப்பத்தை வெளியேற்றும். கூலிங் பேடு என்று கடைக்காரர் தலையில் கட்டும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சாமானை மலைக்காரர்கள் கைகூப்பி மறுத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மறுக்க முடியாது: சத்தம். ஃபேன் வேகம் இரட்டித்தால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் ஏறும். சமவெளியில் தெரு இரைச்சலில் அது அமுங்கிப்போகும். கொல்லிமலையின் வாழவந்தி நாட்டிலோ வளப்பூர் நாட்டிலோ இரவு ஒன்பது மணிக்கு மேல் பூச்சிச் சத்தம்தான் மிச்சம். அங்கே பக்கத்து அறையில் தூங்கும் பாட்டி எழுந்து வந்துவிடுவார். பெரிய பெட்டி, பெரிய ஃபேன், மெதுவான சுழற்சி. சத்தம் குறைய இதுதான் வழி.

பெரிய திரையின் முதல் பயன் இதிலிருந்துதான் வருகிறது என்பது என் வாதம். 15.6 இன்ச் லேப்டாப்பின் அடிப்பாகம் தோராயமாக 36-க்கு 25 சென்டிமீட்டர், அதாவது 900 சதுர சென்டிமீட்டர். 18 இன்ச் என்றால் 40-க்கு 30, அதாவது 1,200. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம். அதில்தான் ஹீட் பைப்பும் செம்புத் தகடுகளும் அகலமான ஃபேனும் உட்காருகின்றன. கண்ணுக்குக் கிடைக்கும் லாபத்தை அளந்து பார்த்தால் அவ்வளவு இல்லை. 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து 18 இன்ச் திரை பார்ப்பதும், 53 சென்டிமீட்டரில் உட்கார்ந்து 15.6 இன்ச் பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே அகலம்தான். ஏழு சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்தால் போயிற்று. கழுத்து வலிக்கும் என்பது உண்மை. சின்ன எழுத்தைப் பார்த்துக் கண் சுருங்குகிறவர்களுக்குப் பெரிய திரை வரம் என்பதும் உண்மை.

இன்ச் கணக்கிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்ச் என்பது மூலைவிட்டம். உயர அகலத்தை அது சொல்லாது. பழைய 17.3 இன்ச் திரைகள் 16-க்கு 9 விகிதம்: அகலம் 38.3 சென்டிமீட்டர், உயரம் 21.5. இன்றைய 16 இன்ச் திரைகள் பெரும்பாலும் 16-க்கு 10 விகிதம்: அகலம் 34.5, உயரம் அதே 21.5. ஒன்றே கால் இன்ச் கூடுதல் என்று சொல்லி விற்கப்படும் 17.3-இல் உயரம் துளிகூடக் கூடாது, பக்கவாட்டில்தான் நீள்கிறது. 18 இன்ச்தான் உயரத்திலும் வளர்கிறது: 38.8-க்கு 24.2. 2023 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஏசூஸ், ஏலியன்வேர், ஏசர், ரேசர் எல்லாரும் ஒரே நேரத்தில் 18 இன்ச் லேப்டாப்புகளை இறக்கியதிலிருந்து 17.3 மெல்ல ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. தள்ளுபடியில் 17.3 கிடைத்தால் மோசமில்லை. 16-ஐ விட அது பெரிதும் உசத்தி என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

பெரிய திரைக்கு ஆசைப்பட்டு எல்லை தாண்டிப் போனவர்களும் உண்டு. ஏசர் 2017-இல் பிரிடேட்டர் 21 எக்ஸ் என்று 21 இன்ச் வளைந்த திரை லேப்டாப் ஒன்றை விற்றது. எடை எட்டுக் கிலோவுக்குக் குறையாது. இந்தியாவிலும் வந்தது, விலை ஏறத்தாழ ஏழு லட்சம். அதை யாராவது பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கொல்லிமலை ஏறியிருந்தால் எழுபதாவது வளைவில் தொடை மரத்துப்போயிருக்கும்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. 1920-க்கு 1200 திரையில் 23 லட்சம் பிக்சல். 2560-க்கு 1600 திரையில் 41 லட்சம். 3840-க்கு 2400 திரையில் 92 லட்சம். கார்டு ஒவ்வொரு ஃபிரேமிலும் இத்தனையையும் வரைய வேண்டும். 4கே திரைக்கு ஆசைப்பட்டால் கார்டுக்கு நான்கு மடங்கு வேலை. அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? நல்ல பார்வையுள்ளவரின் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.17 மில்லிமீட்டர். 18 இன்ச் திரையில் 2560 பிக்சலை வரிசையாக அடுக்கினால் ஒன்றின் அகலம் 0.15 மில்லிமீட்டர். கண்ணின் எல்லைக்குள் ஏற்கெனவே வந்தாயிற்று. 3840 அடுக்கினால் 0.10; அந்தக் கூடுதல் நுணுக்கம் கார்டுக்குத்தான் பாரம், கண்ணுக்குத் தெரியாது. அதே நேரத்தில் 17.3 இன்ச்சில் 1920 மட்டும் அடுக்கினால் ஒன்று 0.20 மில்லிமீட்டர் ஆகிவிடும், எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு தெரியும். ஆகவே பெரிய திரைக்கு 2560 பொருத்தம். நடுவில் நிற்பது நல்லது என்று ஆலோசனை சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் இங்கே எண்ணே அங்கேதான் போய் நிற்கிறது.

திரையின் வேகத்தை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 16.7 மில்லிவினாடிக்கு ஒரு படம், 144 என்றால் 6.9, 240 என்றால் 4.2. கொல்லிமலையின் செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி, ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்தியதாகப் புகழப்பட்டவன். அவனுக்கு வேண்டுமானால் 4.2 போதாமல் இருக்கலாம். நமக்கு 60-லிருந்து 144-க்கு மாறும்போது கண் சட்டென்று உணர்கிறது, 144-லிருந்து 240-க்கு உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. அதோடு, கனமான ஆட்டங்களில் நடுத்தர கார்டு வினாடிக்கு 70, 80 படம்தான் வரையும். மிச்ச ஹெர்ட்ஸ் சும்மா கிடக்கும்.

ஹெர்ட்ஸை விடக் கவனிக்க வேண்டியது வண்ணம். விலை குறைந்த கேமிங் லேப்டாப்புகளில் வண்ண வீச்சு 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று ஒரு திரை வரும். விவரப்பட்டியலின் கடைசியில் ஒளிந்திருக்கும். சிவப்பு செங்கல் நிறமாகும், மலைப் பச்சை சாம்பல் பூத்துப்போகும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று எழுதியிருந்தால் பரவாயில்லை. ஓலெட் திரையில் கறுப்பு அசல் கறுப்பு. ஆனால் ஆட்டத்தின் மூலையில் அசையாமல் நிற்கும் உயிர்க்கோடும் வரைபடமும் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் எரிந்தால் தழும்பு விழலாம். ஒரே ஆட்டத்தை வருடக்கணக்கில் ஆடுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

கார்டின் நினைவகம் 8 ஜிபி என்பது இன்று விளிம்பு. புதிய ஆட்டங்களை உச்ச அமைப்பில் வைத்தால் முட்டும். ரேம் 16 ஜிபி குறைந்தபட்சம். ஒரே அட்டையாக இல்லாமல் இரண்டு எட்டாக இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பாதையில் தரவு ஓடும். பின்னால் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதா, மதர்போர்டில் பற்றவைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். எஸ்எஸ்டி ஒரு டிபி.

ஒரு டிபி ஏன் என்பதற்குக் கொல்லிமலையில் தனிக் காரணம் உண்டு. இன்றைய பெரிய ஆட்டம் ஒன்று 100 ஜிபி. வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இறக்கினால் 22 மணி நேரம். சிக்னல் மரத்துக்கு மரம் மாறும் ஊர்களில் அதுவும் நிச்சயமில்லை. ஒருமுறை இறக்கியதை இடமில்லை என்று அழித்துவிட்டு மறுபடி இறக்குவது பெரும் பாவம். நண்பர் வீட்டிலிருந்து வெளி டிஸ்கில் நகலெடுத்து வரும் பழைய வழிதான் அங்கே இன்னும் வேகமானது. ஆன்லைனில் சண்டை போடுகிறவர்கள் இன்னொன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். மும்பை சர்வருக்குப் போய் வர இழையில் செலவாவது பத்துப் பதினைந்து மில்லிவினாடிதான். மிச்சத் தாமதத்தில் பெரும்பகுதி வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் நடப்பது. அதை எந்த 240 ஹெர்ட்ஸ் திரையாலும் சரிசெய்ய முடியாது.

கரன்ட் விஷயத்தில் லேப்டாப் அடாப்டர் நாம் நினைப்பதை விடச் சாமர்த்தியமானது. அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்: 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். மலையில் கடைசிக் கம்பத்து வீடுகளில் மாலை நேரத்தில் டியூப் லைட் கண் சிமிட்டும் அளவுக்கு வோல்டேஜ் இறங்கும்போதும் அடாப்டர் அசராது. வோல்ட் குறைந்ததற்கு ஆம்பியரைக் கூட்டி இழுத்துக்கொள்ளும். 230 வோல்ட்டில் 1.6 ஆம்பியர் இழுக்கும் 330 வாட் அடாப்டர், 160 வோல்ட்டில் 2.3 ஆம்பியர் இழுக்கும். அதனால் தளர்ந்த பிளக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும்தான் சூடாகும். அவற்றைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பயப்பட வேண்டியது குறைந்த வோல்டேஜுக்கு இல்லை, இடிக்கு. கோடை மழையின்போது பக்கத்து மலையில் மின்னல் இறங்கினாலே கம்பியில் சில ஆயிரம் வோல்ட் துடித்துப் போகலாம். சர்ஜ் புரொடெக்டர் ஓரளவுக்குத்தான் தாங்கும். வானம் உறுமத் தொடங்கியதும் பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுவதுதான் முழுப் பாதுகாப்பு. லேப்டாப்பின் உலோக மேல்பாகத்தைத் தடவும்போது விரலில் சுருசுருவென்று இருந்தால் பெரும்பாலும் வீட்டில் எர்த் சரியில்லை என்று பொருள். பாறை நிலத்தில் எர்த் பிடிப்பது கடினம். குழியில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்வெட்டில்தான் லேப்டாப் மேசைக் கணினியை ஜெயிக்கிறது. அதே விலைக்கு மேசைக் கணினி வாங்கினால் வேகமும் திரையும் ஒன்றரை மடங்கு கிடைக்கும். கரன்ட் போனால் ஆட்டமும் போகும். லேப்டாப் தன் பேட்டரிக்குத் தாவிக்கொள்ளும். பெரிய லேப்டாப்புகளில் பேட்டரி 99.9 வாட்-மணி என்று விசித்திரமான எண்ணில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 100-ஐத் தாண்டினால் விமானத்தில் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும் என்பதுதான் காரணம். 280 வாட் இழுத்தால் அது இருபது நிமிடத்தில் காலி. பேட்டரியால் அவ்வளவு வேகமாகக் கொடுக்கவும் முடியாது, ஆகவே கார்டு பாதி வாட்டுக்கு இறங்கிவிடும். ஆட்டத்தைச் சேமித்துவிட்டு எழுந்திருக்க அது போதும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்றால், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கிறது; பாதிக்கு மேல் வடியவிடாமல் பார்த்துக்கொண்டால், இன்வெர்ட்டரின் இழப்பும் போக, இரண்டரை மணி நேரத்துக்கு வரும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும்.

இனி கடைக்குப் போகலாம். கொல்லிமலைக்காரருக்குக் கடை என்றால் நாமக்கல், சேலம்; ஆசை பெரிதாக இருந்தால் சென்னை ரிச்சி தெரு. விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இந்த கார்டுக்கு எத்தனை வாட்ஸ் கொடுத்திருக்காங்க?” பெரும்பாலும் “ஹை பெர்ஃபார்மன்ஸ் சார்” என்று பதில் வரும். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கறுப்பு கமாண்ட் ஜன்னலைத் திறந்து ‘என்விடியா’, ஒரு கோடு, ‘எஸ்எம்ஐ’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டுங்கள். சின்னப் பட்டியல் ஒன்று விழும். அதன் நடுவில் ஒரு சாய்கோட்டுக்கு இடப்பக்கம் இப்போது இழுக்கும் வாட், வலப்பக்கம் அதிகபட்ச வாட். அந்த வலப்பக்க எண்ணுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

பிறகு ஏதாவது ஒரு ஆட்டத்தை ஓடவிட்டுக் காத்திருங்கள். முதல் பத்து நிமிடம் எல்லா லேப்டாப்பும் பொய் சொல்லும். செம்பும் அலுமினியமும் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும் நேரம் அது; அவை நிரம்பிய பிறகுதான் ஃபேனின் உண்மையான திறமை தெரியும். அரை மணி நேரம் கழித்து இடப்பக்க எண் இறங்காமல் நிற்கிறதா, வெப்பநிலை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கடையில் ஏசி 24 டிகிரியில் இருக்கும். அங்கே 80 டிகிரி காட்டினால், 38 டிகிரி வீட்டில் அது 94 வாக்கில் போய் நிற்கும். சமவெளிக்காரர்கள் இந்தப் பதினான்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மலைக்காரர்களுக்குக் கடை ஏசியும் வீட்டுக் காற்றும் ஏறத்தாழ ஒன்றே. மலைக்காற்று மெலிந்தது என்பதால் கடையில் பார்த்த எண்ணை விட வீட்டில் கொஞ்சம்தான் கூடும்.

லேப்டாப்பைத் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். காற்றுத் துளைகள் அங்கேதான் இருக்கும். ரப்பர் கால்கள் உயரமாக இருந்தால்தான் காற்று உள்ளே நுழையும். பாயிலோ கம்பளியிலோ வைத்து ஆடினால் துளை அடைபட்டு, மேலே போட்ட பத்து சதவீத லாபக் கணக்கு ஐந்து நிமிடத்தில் பாழ். ஒரு பலகை போதும். பின்பக்கக் கம்பி வலைக்குள் செல்போன் டார்ச் அடித்தால் செம்புத் தகடுகளின் வரிசை தெரியும். எவ்வளவு நீளம், எவ்வளவு நெருக்கம் என்று பக்கத்து லேப்டாப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் பின்னாலும் தகடு இருந்தால் நல்லது. சூடான துளைக்குள் எறும்பு குடியேறுவது மலையிலும் சமவெளியிலும் பொது. ஆடி முடித்ததும் மூடி வையுங்கள். மழை நாட்களில் வாரக்கணக்கில் அணைத்து மூலையில் வைப்பதை விட, தினம் கொஞ்ச நேரம் ஓடவிடுவது மேல். ஓடும் லேப்டாப் சுற்றுக் காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதன் மேல் பனி படியாது.

திரைச் சமிக்ஞையை கார்டிலிருந்து நேராகத் திரைக்கு அனுப்பும் மக்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் பிராசசருக்குள் இருக்கும் சின்ன கார்டு வழியாகச் சுற்றிப் போகும்.

கடைசியாக, பழுது. மூன்றரைக் கிலோ லேப்டாப்பையும் ஒரு கிலோ அடாப்டரையும் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு மலையிறங்கி ஏறுவது ஒரு நாள் வேலை. வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்-சைட் வாரன்டி என்று விளம்பரத்தில் இருந்தாலும், அது எல்லா பின்கோடுக்கும் பொருந்துவதில்லை. பணம் கட்டும் முன் உங்கள் பின்கோடைக் கொடுத்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, திரையை முழு வெள்ளையிலும் முழுக் கறுப்பிலும் வைத்து, செத்த பிக்சல் இருக்கிறதா என்று மூலை மூலையாகப் பாருங்கள். பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் அடிப்பாகத்து எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, மாடலுக்கு உரிய வாட் அடாப்டர்தான் பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.